பொய்க் காய்ச்சல் வார்டு

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்தில் இருந்த கொசுக்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு கொசு வந்து தோளில் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் நடக்க முடியும். இரண்டு கொசுக்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்ததாக அர்ச்சுனன் மாதா மேல் சத்தியம் செய்வான். அவன் மாரியம்மன் கோயில் பூசாரியின் மகன். சொந்தச் சாமி மேல் பொய்ச் சத்தியம் செய்ய அவனுக்குப் பயம்.

செடெனாக்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையின் கடைசியில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். சண்டை வந்ததும் வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடினார். அவர் போன தூசி அடங்குவதற்குள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர், சிகாமட்டில் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று ரயிலேறினார். மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை மொத்தமும் அவரோடு போனது. மாமியாருக்கு இன்னும் குணமாகவில்லை போலிருக்கிறது. மனிதர் இதுவரை திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் மிச்சம் இருந்தவை பத்துக் கட்டில், சொறிக்குப் போட ஒரு குப்பி கந்தகம், அப்புறம் ஒரு பெரிய தகர டின் நிறைய பேதி உப்பு. வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் பேதிக்கு மட்டும் எங்கள் தோட்டத்தில் பஞ்சம் வர வழியே இல்லை.

அந்த ஆஸ்பத்திரியை நாங்கள் மூன்று பேர் எடுத்து நடத்தினோம். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை, யாரும் சம்பளமும் தரவில்லை.

முதலாவது, அந்தோணியம்மா அக்கா. மாதா கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர். அவர் குரலை உயர்த்தினால் குளுவாங் ஸ்டேஷனில் நிற்கும் ரயில், கார்டு ஊதிவிட்டார் என்று நினைத்துப் புறப்பட்டுவிடும். அவருக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் நோயாளியின் தலைமாட்டில் நின்று, "எந்திரிடா!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் பாதிப் பேர் குணமாகிவிடுவார்கள். மீதிப் பாதி, இரண்டாவது சத்தத்துக்குப் பயந்து குணமாகிவிடும்.

இரண்டாவது, சிவசம்பு ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். சண்டைக்கு முன்னால் முதலுதவி வகுப்புக்குப் போயிருக்கிறார். அந்த வகுப்பில் முதல் பாடம் முடிந்ததுமே குண்டு விழ ஆரம்பித்துவிட்டது. முதல் பாடம், உடைந்த கையைத் துணியில் தொங்கவிட்டுக் கழுத்தோடு கட்டுவது. ஆகவே அவரிடம் எந்த வியாதியோடு போனாலும் கை கழுத்தில் தொங்கும். காய்ச்சலா, கைக்கட்டு. பல்வலியா, கைக்கட்டு. வயிற்றுவலியோடு போன, கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் இரண்டு கையும் கட்டப்பட்டுத் திரும்பி வந்தார், வீட்டில் அவர் பெண்சாதிதான் ஒரு வாரம் ஊட்டிவிட்டாள்.

மூன்றாவது நான், ஐலீன். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரின் மகள். இரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். அதனால் என்னைப் புண் கழுவப் போட்டார்கள். பிற்காலத்தில் நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றேன் என்றால் அதற்கு அந்த மயக்கங்களெல்லாம்தான் பயிற்சி.

ஒரே ஒரு குறை. வார்டில் நோயாளிகளே கிடையாது. ஆஸ்பத்திரியில் படுத்தால் ஜப்பான்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று ஒரு பேச்சு. சனங்கள் லயத்து வீடுகளிலேயே சுருண்டு கிடந்தார்கள். நாங்கள்தான் பப்பாளி இலைக் கஷாயமும் கந்தகம் குழைத்த தேங்காயெண்ணெயும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். ஒருவருக்குக் குளிப்பாட்டி, ஒருவருக்கு மரவள்ளி அவித்துக் கொடுத்து, ஒருவருக்குக் கைக்கட்டுப் போட்டுவிட்டு வருவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில், வேலைக்குப் போகுமுன், தோட்டமே வரிசையாக நின்று ஜப்பான் உடற்பயிற்சி செய்ய வேண்டும். நிப்பொங்கோ என்ற ஜப்பான் மொழி வகுப்புக்கும் போய்வந்தவர் என்பதால் எண்ணிக்கை கொடுப்பவர் சிவசம்பு ஐயாதான். "இச்சி!", அதாவது ஒன்று, என்றால் கை மேலே. "நீ!", அதாவது இரண்டு, என்றால் குனிய வேண்டும். "சான்! சீ!" என்றால் குதிக்க வேண்டும். பிந்தினால் சிப்பாய் கன்னத்தில் அறைவான். மாதக்கணக்கில் இது நடந்ததில் எங்கள் உடம்புக்கு மூளையின் உத்தரவே தேவையில்லாமல் போய்விட்டது. "இச்சி" என்று காதில் விழுந்தால் கை தானாக மேலே போகும். தாலி கட்டும்போது எவனோ விளையாட்டாக "இச்சி" என்று கத்தி, மாப்பிள்ளை தாலியோடு இரண்டு கையையும் தூக்கி நின்றதும் எங்கள் தோட்டத்தில் நடந்ததுதான்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் பிரட்டில் மண்டோர் பெயர் வாசித்தார். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள். நாளைக்கு லாரி வரும். வாசித்த பெயர் ஒன்றே ஒன்று, தங்கராஜு.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்படி லாரியேறிப் போனவர்கள் நிறைய. ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை.

தங்கராஜுவின் பெண்சாதி சந்திரமதிக்கு அன்றோ நாளையோ என்ற வயிறு. அந்த வயிற்றை முன்னால் விட்டுப் பின்னால் தான் வந்துசேர்ந்தாள் ஆஸ்பத்திரிக்கு.

"அக்கா, அவர எங்கயாச்சும் ஒளிச்சு வைங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். புள்ள பொறக்கறப்ப அவர் இங்க இருக்கணும். அது போதும்."

"ஒளிச்சு வைக்கறதா? அந்த ஆளையா?" என்றார் அந்தோணியம்மா.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தங்கராஜு ஒரு மாமரத்துக்குப் பின்னால் ஒளிந்தால் மரம்தான் மறையும்.

சிவசம்பு ஐயா தொண்டையைச் செருமினார். "ஒரு வழி கிடக்கு. நாளைக்கு லாரியோட ராணுவ டாக்டரும் வாறாராம், ஆஸ்பத்திரி பாக்க. வார்டில படுத்த நோயாளியைக் கொண்டு போகமாட்டினம். டாக்டர் பாத்து 'நோய்தான்' எண்டு சொன்னால் சரி."

"அப்பப் படுக்க வச்சுரலாம்!"

"படுக்க வைக்கலாம். ஆனா ஆளைப் பாருங்கோ. நோயாளி மாதிரியே கிடக்கு? கன்னம் ரெண்டும் மாம்பழம் மாதிரிக் கிடக்கு. டாக்டர் என்ன விசரனே?"

தங்கராஜு வெட்கத்தோடு சிரித்தான். மனிதனுக்குப் பிறந்ததிலிருந்து காய்ச்சல் வந்ததில்லை. நான் சொன்ன அந்தக் கொசுக்களே அவனைக் கடித்துவிட்டுப் பல்வலியோடு திரும்பிப் போகும்.

அன்று பகல் முழுக்கப் பயிற்சி. அவனைக் கட்டிலில் படுக்க வைத்து, "நடுங்குடா" என்றார் அந்தோணியம்மா. நடுங்கினான். கட்டில் நகர்ந்து நகர்ந்து வார்டைக் கடந்து வாசற்படி வரை போய்விட்டது. நானும் சிவசம்பு ஐயாவும் ஓடிப்போய்க் கட்டில் காலைப் பிடித்து இழுத்து வந்தோம்.

"அடேய், காய்ச்சக்காரன் மாதிரி நடுங்கச் சொன்னா ரயில் எஞ்சின் மாதிரி நடுங்குற!"

"எனக்குத் தெரியலையேக்கா. காய்ச்ச வந்தா உள்ளுக்குள்ள எப்பிடி இருக்கும்?"

"குளுரும்!"

"குளுருனா சொகமாத்தானே இருக்கும்?"

அந்தோணியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு என்னை மட்டும் அலமாரிப் பக்கம் இழுத்துப் போய், பேதி உப்பு டின்னைக் காட்டிக் காதுக்குள் சொன்னார்.

"ஒரு பேதி போனா கன்னம் ஒட்டிரும். நாளைக்குக் காலையில இவனுக்கு மட்டும் கஞ்சியில போட்டுக் குடுத்துர்றேன்."

"அளவு பாத்துப் போடுங்கக்கா," என்றேன்.

"ஒரு கைப்பிடி போதும்."

அந்தோணியம்மாவின் கையை நீங்கள் பார்த்ததில்லை. அந்தக் கையில் ஒரு பிடி என்றால் ஒரு சின்னக் குடும்பம் ஒரு வாரம் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அடுத்த சிக்கல், காலி வார்டு. பத்துக் கட்டிலில் ஒருத்தன் மட்டும் கிடந்தால் டாக்டருக்குச் சந்தேகம் வரும். ஆகவே நான் லயத்துக்குப் போய் நோயாளிகளாகப் படுக்க ஆள் சேர்த்தேன். பிற்காலத்தில் என் உத்தியோகத்தில் நோயாளிகள் வராமல் இருக்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். போய்க் கையைப் பிடித்து இழுத்தது அந்த ஒரு நாள்தான்.

"படுத்தாக் கஞ்சி உண்டா?" என்றான் மணியம். ரப்பர் பால் வெட்டுவதை விடப் பேசுவதில் கெட்டிக்காரன்.

"உண்டு. மரவள்ளிக் கஞ்சி."

"அலமாக்! அது இங்கயே கெடக்குலா."

"இங்க உக்காந்துதான் குடிக்கணும். அங்க படுத்துக்கிட்டே குடிக்கலாம்."

மணியம் உடனே பாயைச் சுருட்டினான். அவனைப் பார்த்து அர்ச்சுனன். அவனைப் பார்த்து மற்றவர்கள். கட்டில் நிறைந்துவிட்டது. அப்புறம் யாருக்கு என்ன வியாதி என்று சண்டை.

"எனக்கு மயக்கம் குடு ஐலீனு. கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தாப் போதும்," என்றான் அர்ச்சுனன்.

"மயக்கம் மணியத்துக்குக் குடுத்தாச்சு."

"அவனுக்கு எதுக்கு? அவன் வாய மூடமாட்டான். பேசிக்கிட்டே மயங்குன ஆளு எங்கனாச்சும் உண்டா?"

"மூணு பேருக்கு மயக்கம் குடுக்க முடியாது. ஒருத்தன் வாதத்த எடுத்துக்க."

"வாதம் வந்தா சொறிஞ்சுக்கலாமா?" என்றான் இன்னொருத்தன்.

விடிந்தது. பிரசவத்துக்கென்று சந்திரமதி ஒளித்து வைத்திருந்த அரிசியில் ஒரு பங்கை எடுத்துக் கஞ்சி வைத்தார் அந்தோணியம்மா. தங்கராஜுவின் உடம்புக்கு ஏற்ற பானை. பேதி உப்பைப் போட்டுக் கலக்கி, அவன் கட்டிலருகே வைத்து, "மொத்தத்தையும் குடி. இது மருந்து" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போனார். என்ன மருந்து என்று சொல்லவில்லை. மற்றவர்களுக்கு மரவள்ளிக் கஞ்சி. நானும் அவரோடு போய் முன்வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

வார்டுக்குள் அரிசி வாசம். நாங்கள் எல்லோரும் சோற்றுப் பருக்கையைக் கண்டு மாதக்கணக்காகிறது. வார்டில் இருந்த அத்தனை கண்களும் தங்கராஜுவின் பானை மேல் விழுந்தன. மயக்கத்தில் இருந்தவன் கூட ஒரு கண்ணைத் திறந்துவிட்டான்.

எங்கள் லயத்தில் பார்க்கப் பார்க்கத் தின்னும் வழக்கம் கிடையாது. பசித்தவன் கண் பட்டால் தின்றவனுக்கு வயிறு வலிக்கும் என்று ஒவ்வொரு தாயும் சொல்லித்தான் பிள்ளையை வளர்த்திருக்கிறாள். தங்கராஜு ஒரு கண்ணுக்கே பயப்படுகிறவன். சுற்றிலும் இத்தனை கண்.

"அப்பிடிப் பாக்காதீங்கடா. எனக்கு வயிறு வலிக்கும்லா. இந்தாங்க, ஆளுக்கு ஒரு செரட்ட."

சிரட்டை சிரட்டையாக ஊற்றினான். ஒரு வாய் குடித்த மணியத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"டேய், உப்புப் போட்ட கஞ்சிடா!"

உப்பும் அப்போது பொன் மாதிரி. கொஞ்சம் கசக்கிறது என்று ஒருத்தன் சொன்னான். கசப்பு உப்பாக இருந்தாலும் உப்பு உப்புதான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து சிவசம்பு ஐயா உள்ளே வந்தார்.

"என்ன விசர் வேலை இது? நோயாளியளே வரிசையில நிண்டு கஞ்சி குடிக்கிறது? போங்கோ கட்டிலுக்கு!" என்றவர் மூக்கை இழுத்தார். "அரிசியோ? சரி, கொஞ்சம் தா. நோயாளியின்ர சாப்பாட்டை ருசி பாக்கிறது மேற்பார்வையாளன்ர கடமை."

மூன்று சிரட்டை கடமை செய்தார்.

நான் துடைப்பத்தோடு உள்ளே வந்தபோது பானை கழுவி வைத்தது போல் இருந்தது.

"நல்லது, மொத்தமும் குடிச்சிட்டீங்களே," என்றேன்.

"நான் ரெண்டு செரட்டதான் குடிச்சேன். மிச்சம் எல்லாருக்கும் குடுத்துட்டேன். பாவம்லா."

துடைப்பம் என் கையிலிருந்து விழுந்தது. அந்தோணியம்மாவிடம் சொல்ல ஓடினேன். பாதி வழியில் லாரி ஹாரன் கேட்டது.

வந்த டாக்டர் குள்ளமான மனிதர், வாள் மட்டும் நல்ல உயரம். சண்டைக்கு முன்னால் அவர் குதிரை வைத்தியர் என்று குலாய் பக்கம் பேசிக்கொண்டார்கள். நான் நம்பவில்லை. ஆனால் அவர் முதல் கட்டிலில் கிடந்த மணியத்தின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். அப்புறம் ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைத் தட்டினார். அப்புறம் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அப்போது நம்பினேன்.

எல்லாம் அழகாக நடந்தது. மயக்கம் மயக்கமாக இருந்தது. வாதம் சொறியாமல் கிடந்தது. தங்கராஜுவிடம் வந்தார் டாக்டர். அவன் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை, முகம் வெளுத்திருந்தது, உதடு துடித்தது. பயிற்சியில் ஒரு தடவை கூட வராத நடிப்பு. எனக்கும் அந்தோணியம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும் அது நடிப்பில்லை என்று. டாக்டர் இரக்கத்தோடு தலையை ஆட்டி, சிவசம்பு ஐயாவிடம் ஏதோ சொன்னார்.

"இவன் சயாமுக்கு உதவான் எண்டு சொல்றார்," என்றார் ஐயா மெதுவாக.

பின்கதவருகே நின்ற சந்திரமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. டாக்டர் வாசல் வரை போனவர், எத்தனை நோயாளி என்று கணக்குச் சொல்ல வேண்டுமே என்று திரும்பி நின்று, விரலை நீட்டி, கட்டில்களை எண்ண ஆரம்பித்தார்.

"இச்சி..."

வார்டு முழுவதும் ஒரே ஆள் போலக் கட்டிலை விட்டு எழுந்து கையைத் தூக்கியது.

டாக்டருக்குத் திகைப்பில் வாய் நிற்கவில்லை. "நீ..." என்றார். குனிந்தார்கள். "சான்... சீ..." குதித்தார்கள். பலகைத் தரை அதிர்ந்தது, சுவர்ப் பல்லி கீழே விழுந்தது. வாதக்காரன்தான் எல்லோரையும் விட உயரக் குதித்தான். தங்கராஜுவும் வெளிறிய முகத்தோடு குதித்தான். டாக்டர் பக்கத்தில் மரியாதையாக நின்ற சிவசம்பு ஐயாவும் குதித்தார். நான் குதிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை.

எண்ணிக்கை நின்றது. கையைத் தூக்கியபடி எல்லோரும் அப்படியே நின்றார்கள். கொசு கூடப் பறக்கவில்லை.

டாக்டர் ஏதோ கேட்டார். சிவசம்பு ஐயாவின் குரல் எலிக்குஞ்சுக் குரலாகியிருந்தது. "இவை... நோயாளியளோ எண்டு கேக்கிறார்."

அந்தோணியம்மா முன்னால் வந்தார். "ஆமான்னு சொல்லுங்க. இதுதான் எங்க வைத்தியம். மருந்து இல்லாததால தெனமும் நிப்பொன் எண்ணிக்கை போட்டே காய்ச்சல எறக்குறோம். சாகக் கெடக்கறவனும் 'இச்சி'ன்னா எந்திரிச்சிருவான்னு சொல்லுங்க!"

ஐயா மொழிபெயர்த்தார். டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. வாளைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். ஜப்பான் ராணுவமே எங்களுக்கு வணங்கிய மாதிரி நான் நிமிர்ந்து நின்றேன். அவர் நீளமாகப் பேசினார்.

"இப்பிடி ஒரு ஆஸ்பத்திரியைத் தான் எங்கேயும் காணேல்லையாம். எல்லாருக்கும் பூரண குணமாம்." ஐயா நிறுத்தினார். அவர் முகம் சுருங்கியது. "ஆனபடியால்... எல்லாரையும் லாரியில ஏறட்டாம்."

"எல்லாரையுமா?" என்றான் மணியம். மயக்கம் முழுக்கத் தெளிந்துவிட்டது.

சந்திரமதி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தனைக் காப்பாற்றப் போய் ஒரு வார்டையே லாரியில் ஏற்றப் போகிறோம். சிப்பாய்கள் உள்ளே வந்தார்கள். அந்தோணியம்மாவுக்கு அன்றுதான், ஒரே ஒரு தடவை, குரல் வரவில்லை.

அப்போது தூரத்தில் இடி இடிப்பது போல் ஒரு சத்தம். வானத்தில் மேகம் இல்லை. சத்தம் மணியத்தின் வயிற்றிலிருந்து வந்தது.

அவ்வளவு உப்புக்கு மேல் அவ்வளவு குதியும் குதித்திருக்கிறார்கள். மணியம் சிப்பாயைத் தள்ளிக்கொண்டு பின்கதவு வழியாகப் பாய்ந்தான். அவன் பின்னால் அர்ச்சுனன், அவன் பின்னால் வாதம். பின்பக்கக் கக்கூசுக்கு இரண்டே கதவு. முதலில் போனவர்கள் உள்ளே, மற்றவர்கள் கதவைத் தட்டிக் கெஞ்சிப் பார்த்துவிட்டு ரப்பர் மரங்களுக்கிடையில் சிதறினார்கள். "டேய், சீக்கிரம்டா! நான் ஒன் மாமன்டா!" "மாமனா இருந்தா மரத்துக்குப் பின்னால போ!" தங்கராஜு கட்டிலோடு சேர்ந்தே கிளம்பிவிட்டான், கட்டில் கதவில் சிக்கிக்கொண்ட பிறகுதான் அதை விட்டான்.

டாக்டர் சிவசம்பு ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். ஐயாவின் உடம்பு வில்லாக வளைந்திருந்தது. அதிகாரிக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது சட்டம். ஆகவே அவர் ஒரு வணக்கம் போட்டார், ஓரடி பின்னால் ஓடினார், இன்னொரு வணக்கம் போட்டார், இன்னும் நாலடி பின்னால் ஓடினார். இப்படியே குனிந்தும் நிமிர்ந்தும் வார்டைக் கடந்து, பின்படியிறங்கி, வேலியையும் தாண்டி மறைந்தார். சட்டத்தை ஒரு நூல் கூட மீறவில்லை.

டாக்டர் முகத்தில் இருந்த நிறமெல்லாம் இறங்கிப் பூட்ஸுக்குள் போனது.

"கொரேரா!" என்று கத்தினார்.

மொழிபெயர்க்க ஆளில்லை, ஆனால் காலரா என்று எங்களுக்குப் புரிந்தது. பீரங்கிக்குப் பயப்படாத ராணுவம் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தது. நோயாளியைத் தொட்ட கையை உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டே டாக்டர் லாரிக்கு ஓடினார். சிப்பாய்கள் அவருக்கு முன்னால் ஏறிவிட்டார்கள். லாரி போன வேகத்தில் பின்சக்கரம் முன்சக்கரத்தை முந்தியது.

மறுநாள் ஆஸ்பத்திரியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வரக் கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே போகக் கூடாது. இந்தத் தோட்டத்திலிருந்து ஓர் ஆளும் எங்கேயும் போகக் கூடாது. கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், முகத்தில் துணி கட்டிய ஒரு சிப்பாயைக் காவல் போட்டார்கள்.

உள்ளே நாங்கள் எல்லோரும்; முதல் நாள் சிதறி ஓடியவர்களும் இராத்திரியே தள்ளாடித் திரும்பி வந்து கட்டிலில் விழுந்திருந்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் வயிறு சரியாகிவிட்டது. ஆள் ஆளுக்குக் கொஞ்சம் மெலிந்து, நல்ல பசியோடு, வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தோணியம்மாவுக்குக் குரல் திரும்பி வந்தது.

"படுத்துக் கஞ்சி குடிச்சவன்லாம் எந்திரி! இனிமே இங்க எல்லாரும் ஊழியந்தான்."

மணியம் கட்டுத்துணி துவைத்தான். அர்ச்சுனன் கஷாயம் காய்ச்சினான். வாதக்காரனைக் கூரை ஏற்றி ஒழுகல் அடைத்தோம். எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு முன்பும் பின்பும் அத்தனை தொண்டர்கள் இருந்ததில்லை, அத்தனை முணுமுணுப்பும் இருந்ததில்லை. பின்கதவில் நின்ற பாவத்துக்குச் சந்திரமதியும் உள்ளே மாட்டிக்கொண்டாள். தங்கராஜு அவள் காலடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது. தோட்டத்து மருத்துவச்சி அங்கம்மா கயிற்றுக்கு வெளியே. சிப்பாய் அவளை விடவில்லை. அவள் கயிற்றோரமாக நின்று கத்தினாள், வார்டுக்குள்ளிருந்து அந்தோணியம்மா திருப்பிக் கத்தினார். செனாய் வரைக்கும் அன்று எல்லோரும் பிள்ளை பெறக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

"சுடுதண்ணி வச்சாச்சா?"

"வச்சாச்சு!"

"ஆம்பளைங்கள வெளிய அனுப்பு!"

"அனுப்ப முடியாது, கயிறு கட்டியிருக்கு!"

"அப்ப செவுத்தப் பாத்துத் திரும்பி நிக்கச் சொல்லு!"

மொத்த வார்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. மணியம் முருகனைக் கூப்பிட்டான், அர்ச்சுனன் பழக்கதோஷத்தில் மாதாவைக் கூப்பிட்டான். தங்கராஜு சுவரோடு சுவராகச் சரிந்து விழுந்தான். அவனைத் தூக்கி நிறுத்த நாலு பேர் தேவைப்பட்டது. சிவசம்பு ஐயா என்னிடம் கத்தியையும் நூலையும் நீட்டும்போது கண்ணை மூடிக்கொண்டே நீட்டினார். எனக்கு மயக்கம் வரவில்லை. வர நேரம் இல்லை.

பிள்ளை அழுதது. அந்தோணியம்மாவை விடப் பெரிய குரல். பெண் குழந்தை.

துணியில் சுற்றித் தங்கராஜுவின் கையில் கொடுத்தேன். அவன் பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவனுக்கு எவரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. வார்டில் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. அங்கம்மாவும் குரல் கேட்ட திருப்தியில் லயத்துக்குச் சேதி சொல்லப் போய்விட்டாள். வெளியே பார்க்காத ஆள் ஒருத்தன்தான் பாக்கி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டிக் காவல்காரனை நோக்கி நடந்தான்.

"மாஸ்டர்! இங்க பாருங்க மாஸ்டர்! மூக்கு அப்பிடியே எனக்கு!"

காலரா வார்டிலிருந்து ஒரு மலை தன்னை நோக்கி வருவதைச் சிப்பாய் பார்த்தான். பின்னால் நகர்ந்தான். தங்கராஜு, அவனுக்கு வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கிட்டப் போனான். சிப்பாய் திரும்பி ஓட ஆரம்பித்தான். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இவனும் ஓடினான். ரப்பர் மர வரிசைகளுக்கிடையில் காக்கிச் சட்டை முன்னால், தங்கராஜு பின்னால். அந்தோணியம்மா வாசலில் நின்று, "டேய், தலையத் தாங்கிப் புடிடா!" என்று கத்தினார். சிப்பாயும் ஒரு கையால் தன் தலையைத் தாங்கிக்கொண்டதாக எனக்கு ஞாபகம்.

அவன் போய் என்ன சொன்னானோ தெரியாது. சண்டை முடியும் வரை ஒரு சயாம் லாரியும் எங்கள் செம்மண் பாதைக்குள் திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் தங்கராஜு மூச்சு வாங்கத் திரும்பி வந்து சந்திரமதியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஓடிட்டான்லா," என்றான் வருத்தமாக. "பொட்டப் புள்ளன்னு சொல்றதுக்குள்ளாற ஓடிட்டான்."

"சத்தம் போடாதீங்க," என்றாள் அவள். "தூங்குது."